இரண்டுமே ஸ்டேஜ் 2 மார்பகப் புற்று. அம்மாவுக்கு மாத்திரை, சித்திக்குக் கீமோ. ஏன் இப்படி?

பிறை_வாசி:

வணக்கம். எங்கள் குடும்பத்தில் ஒரே வருஷத்தில் ரெண்டு பேருக்கு மார்பகப் புற்றுநோய். ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன், விஷயம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

அம்மாவுக்கு 58 வயது, மாதவிலக்கு நின்று ஏழு வருஷம். பினாங்கில் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. கட்டி 22 மி.மீ., கிரேட் 2. எடுத்துப் பார்த்த மூன்று நிணநீர்க் கணுவிலும் ஒன்றும் இல்லை. ஈஆர் 90%, பிஆர் 70%, ஹெர்2 1+, கேஐ-67 12%. கட்டியை மட்டும் எடுத்து ஆபரேஷன் முடிந்தது. இனி 15 தடவை ரேடியேஷன், அப்புறம் லெட்ரோசோல் 2.5 மி.கி. தினம் ஒன்று, ஐந்து வருஷம். கீமோ தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சித்திக்கு 46 வயது, கோலாலம்பூரில் செந்தூல். கட்டி 24 மி.மீ., கிரேட் 3, ஸ்கேனில் கணு சுத்தம். ஈஆர் 0, பிஆர் 0, ஹெர்2 3+, கேஐ-67 45%. ஆபரேஷனுக்கு முன்னாலேயே கீமோ தொடங்கிவிட்டார்கள்: டோசிடாக்சல், கார்போபிளாட்டின், கூடவே டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப். மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. சித்திக்கு நீரிழிவும் உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்.

ரெண்டு ரிப்போர்ட்டிலும் ஸ்டேஜ் 2ஏ. அக்கா தங்கை, ஒரே நோய், ஒரே ஸ்டேஜ், ஆனால் சிகிச்சை வேறு வேறு. பினாங்கில் அம்மாவைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள், கே.எல்.லுக்குக் கொண்டு போ என்று சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள். அங்கே சித்திக்கு இரண்டாவது கீமோ அன்று நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் வெள்ளணு) 0.9 என்று சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் பரவிவிடாதா என்று பயம். பக்கத்து வீட்டில் சபா ஸ்நேக் கிராஸ் இலையை அரைத்துச் சாறாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொடுக்கலாமா?

நுண்ணாடி:

நோய்க்கூறு ஆய்வகப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மற்றதை மருந்து தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

2ஏ என்பது கட்டியின் அளவையும் அது எங்கே வரை போயிருக்கிறது என்பதையும் மட்டும் சொல்கிற எண். 2 செ.மீ.க்கு மேல், 5 செ.மீ.க்குள், கணுவில் இல்லை, வேறு உறுப்பில் இல்லை என்றால் 2ஏ. அந்தக் கட்டி என்ன ரகம் என்பது அதில் வராது. இதனால்தான் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஏஜேசிசி (ஸ்டேஜ் விதிகளை வகுக்கும் அமெரிக்கக் குழு) எட்டாம் பதிப்பில் கிரேட் (அணுக்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன), ஈஆர், பிஆர் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்பிகள்), ஹெர்2 (அணுவை வளரத் தூண்டும் புரதம்) நான்கையும் சேர்த்து இன்னொரு ஸ்டேஜ் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் அம்மாவின் கட்டி ஸ்டேஜ் 1க்கு இறங்கிவிடும். சித்தியினுடையது 2ஏ-விலேயே நிற்கும். ரெண்டு கட்டிக்கும் அளவில் வித்தியாசம் 2 மி.மீ.தான், நடத்தையில் ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால் ரிப்போர்ட்டைப் படிப்பது சுலபம். எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக்குவோம். அதற்குப் பெயர் பிளாக். அதிலிருந்து 4 மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாயம் ஏற்றுவோம். அணுக்களின் கரு நீலமாகத் தெரியும், தேடுகிற பொருள் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். ஈஆர் அணுவின் கருவில் பிடிக்கும். நூறு புற்றணுவில் தொண்ணூறின் கரு பழுப்பாக இருந்தால் ஈஆர் 90%. ஹெர்2 அணுவைச் சுற்றியுள்ள சவ்வில் பிடிக்கும். 3+ ஸ்லைடைப் பார்த்தால் ஒவ்வோர் அணுவையும் சுற்றி அழுத்தமாகப் பழுப்புக் கோடு ஓடி, மொத்தத் திரையும் கோழிக்கூட்டுக் கம்பி வலை மாதிரி இருக்கும். 1+ என்றால் அந்தக் கோடு மங்கலாக, அரைகுறையாக, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆரம்ப நிலைச் சிகிச்சையில் 0, 1+ ரெண்டுமே நெகட்டிவ். (நோய் வேறு உறுப்புக்குப் பரவிய நிலையில் மட்டும் 1+ க்கும் ஒரு மருந்து உண்டு. அம்மாவுக்கு இப்போது அது பொருந்தாது.) 2+ வந்தால் முடிவு சொல்ல முடியாது, ஹெர்2 மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று ஃபிஷ் என்ற சோதனையில் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். பலர் அந்த முடிவு வரும் முன்பே கீமோ ஏன் தொடங்கவில்லை என்று டாக்டரோடு சண்டை போடுகிறார்கள். காத்திருப்பதே நல்லது, மருந்தே அந்த முடிவைப் பொறுத்துத்தான் மாறும்.

இப்போது எங்கே தவறு நேரும் என்பது. சித்தியின் ரிப்போர்ட்டில் ஈஆர் 0 என்று இருப்பதால் இதைச் சொல்கிறேன். திசுவை வெளியே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் இருக்கலாம். ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ.தான் உள்ளே இறங்கும். ஆகவே பெரிய துண்டை ரொட்டி வெட்டுகிற மாதிரி குறுக்கே வெட்டி வைக்காவிட்டால் வெளிப்புறம் பதமாகி நடுப்பகுதி கெட்டுப்போகும். கெட்ட திசுவில் ஈஆர் சாயம் பிடிக்காது. உண்மையில் 80% இருப்பது 0 என்று வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை ஆபரேஷன், திங்கள் பொது விடுமுறை என்றால் 72 மணி நேரம் தாண்டும் ஆபத்தும் உண்டு. ஊசி பயாப்சியில் இந்தத் தொல்லை குறைவு, நூல் மாதிரி மெல்லிய துண்டு என்பதால் சீக்கிரம் ஊறிவிடும்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. புற்றுக் கட்டிக்குப் பக்கத்தில் சாதாரண பால்குழாய் அணுக்கள் கொஞ்சமாவது இருக்கும். அவற்றில் ஈஆர் இயல்பாகவே உண்டு. அவை பழுப்பாகி, புற்றணு மட்டும் நீலமாகவே இருந்தால் 0 என்பது நிஜமான 0. ரிப்போர்ட்டில் இன்டர்னல் கண்ட்ரோல் பாசிட்டிவ் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அந்த வரி இல்லை என்றாலோ, நெகட்டிவ் என்று இருந்தாலோ, சாயத்தைத் திரும்ப ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை, டாக்டர்களே கேட்பது வழக்கம்.

இன்னொன்று. கே.எல்.லில் இரண்டாவது கருத்துக் கேட்பதாக இருந்தால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. பிளாக்கையும் ஸ்லைடுகளையும் இரவல் கேட்டு எழுதிக் கொடுங்கள், அதை அனுப்பினால் போதும். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுபோனால் அங்கே உள்ளவர் முதல் ஆள் பார்த்ததையே நம்ப வேண்டியிருக்கும். அது இரண்டாவது கருத்து ஆகாது.

மருந்தாளர்_செந்தூல்:

நுண்ணாடி ஐயா அடித்தளம் போட்டுவிட்டார், மேலே நான் தொடர்கிறேன்.

அம்மா விஷயம் முதலில். ஈஆர் 90% உள்ள கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன்தான் சாப்பாடு. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு அந்த ஈஸ்ட்ரோஜன் சினைப்பையிலிருந்து வருவதில்லை, கொழுப்பு முதலிய திசுக்களில் அரோமடேஸ் என்ற நொதி அதைத் தயாரிக்கிறது. லெட்ரோசோல் அந்த நொதியை அடைத்துவிடும். சிகிச்சையே அதுதான், "வெறும் மாத்திரை" என்று யாரும் நினைக்கக் கூடாது. கீமோ வேகமாகப் பிரியும் அணுக்களைத்தான் அதிகம் கொல்லும், கேஐ-67 (பிரிந்துகொண்டிருக்கும் அணுக்களின் விழுக்காடு) 12% என்றால் பிரிகிற வேகமே குறைவு. டெய்லர்-எக்ஸ் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், கணு சுத்தம் என்ற இதே வகைக் கட்டி. கட்டியின் 21 மரபணுக்களை அளந்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் போட்டார்கள். 11 முதல் 25 வரை வந்தவர்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும், பாதிப் பேருக்குக் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். 50 வயது தாண்டியவர்களுக்குக் கீமோவால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. 50க்குக் கீழே, மதிப்பெண் 16க்கு மேலே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. ஆக இதே ரிப்போர்ட் 42 வயதுப் பெண்ணுக்கு வந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். அந்த மரபணுச் சோதனை விலை அதிகம், எல்லாருக்கும் செய்வதில்லை. அம்மாவின் கட்டிக்குச் செய்தால் முடிவு மாறுமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

லெட்ரோசோல் தொடங்கும் முன் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்களா? எடுக்காவிட்டால் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் வற்றும்போது எலும்பு தேயும். கால்சியமும் வைட்டமின் டி-யும் பெரும்பாலும் சேர்த்தே தருவார்கள். காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாத வலி முதல் சில மாதங்களில் வரும். நிறையப் பேர் மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்துவது அப்போதுதான். நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் அதே குடும்பத்தில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார்கள். அனாஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்செமஸ்டேன் 25 மி.கி. இருக்கின்றன. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது சகஜம்.

சித்திக்கு இந்த மாத்திரை எதுவும் வேலைக்கு ஆகாது, பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி தேடுகிற மாதிரி. அவர் கட்டியின் பலவீனம் ஹெர்2. டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப் ரெண்டும் அதைத்தான் பிடிக்கின்றன, கீமோ கூட நின்று வேலை செய்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே கொடுப்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஆறு தடவை முடிந்து கட்டி இருந்த இடத்தை எடுத்துப் பார்க்கும்போது புற்றணு ஒன்றுமே மிச்சம் இல்லை என்றால், அதே ஊசியைத் தொடர்ந்து மொத்தம் ஒரு வருஷம் முடிப்பார்கள். மிச்சம் இருந்தால் டி-டிஎம்1 என்ற வேறு ஊசிக்கு மாற்றுவதுண்டு, அது 14 தடவை. முதலிலேயே ஆபரேஷன் செய்திருந்தால் மருந்து கேட்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பே போயிருக்கும்.

அளவு எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெயிட்டிங் ரூமில் "அவங்களுக்கு 150, எனக்கு 110, ஏன் குறைச்சிட்டாங்க" என்ற கேள்விதான் அதிகம்.

டோசிடாக்சல் உடலின் பரப்பளவுக்கு. உயரம் செ.மீ., எடை கிலோ, ரெண்டையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சதுர மீட்டர். 150 செ.மீ., 54 கிலோ என்றால் 1.5. சதுர மீட்டருக்கு 75 மி.கி. வீதம் 112.5 மி.கி. 160 செ.மீ., 90 கிலோ என்றால் 2.0, அவருக்கு 150 மி.கி.

கார்போபிளாட்டினுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகப் போவதால் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை வைத்துப் போடுவார்கள். வடிகட்டும் வேகத்தோடு 25 கூட்டி, இலக்கு எண்ணால் பெருக்கினால் மில்லிகிராம். இந்தச் சிகிச்சையில் இலக்கு எண் வழக்கமாக 6. வயது 46, எடை 54 கிலோ, ரத்தத்தில் கிரியாட்டினின் 60 என்றால் வேகம் சுமார் 88, மருந்து 678 மி.கி. அதே ஆளுக்குக் கிரியாட்டினின் 90 ஆகிவிட்டால் வேகம் 58.7க்கு இறங்கி, மருந்து 502 மி.கி. ஆகும். ஆள் அதே ஆள், மூன்று வாரத்தில் 176 மி.கி. வித்தியாசம். இது நடக்கக்கூடியதுதான்: பெர்டுசுமாப் வயிற்றைக் கலக்கும், பேதியில் நீர் வற்றும், கிரியாட்டினின் ஏறும். பழைய ரத்த முடிவை வைத்து 678 போட்டுவிட்டால் மருந்து உடம்பில் தேங்கி, தட்டணுவும் வெள்ளணுவும் அடிவாங்கும். ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் ரத்தம் எடுப்பது இதற்கும்தான். "போன தடவை எடுத்தாச்சே" என்று தவிர்க்காதீர்கள்.

டிராஸ்டுசுமாப் எடைக்கு: முதல் தடவை கிலோவுக்கு 8 மி.கி., பிறகு 6 மி.கி. 54 கிலோவுக்கு 432, அப்புறம் 324. தொடையில் தோலுக்கடியில் போடும் வகை வந்தால் எல்லாருக்கும் ஒரே 600 மி.கி. இந்த ஊசி ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால் முதல் தடவை அளவையே திரும்பப் போட வேண்டும், அதனால் தேதியைத் தவறவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதய எக்கோவும் கட்டாயம். நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு இதயம் தளரும் வாய்ப்புக் கூடுதல். பம்ப் செய்யும் விழுக்காடு 10 புள்ளி சரிந்து 50க்குக் கீழே வந்தால் ஊசியை நிறுத்திவைப்பார்கள், பெரும்பாலும் சில வாரத்தில் மீண்டுவிடும்.

தள்ளிப்போட்டது சரியா? சரி. டோசிடாக்சலுக்கு நியூட்ரோஃபில் 1.5க்கு மேல் இருக்க வேண்டும், 0.9இல் போட்டால் அடுத்த வாரம் காய்ச்சலோடு வார்டில் படுக்க நேரும். ஒரு வாரத்தில் கட்டி ஓடிவிடாது. அடிக்கடி தள்ளிப்போவதும், மொத்த மருந்து திட்டமிட்டதில் 85 விழுக்காட்டுக்குக் கீழே போவதும்தான் கவலை. அதைத் தடுக்கத்தான் கீமோவுக்கு மறுநாள், 24 மணி நேரம் கழித்து, வெள்ளணுவைத் தூண்டும் பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மி.கி. ஊசி போடுவார்கள். முதல் தடவை போடவில்லை என்றால் இரண்டாவதிலிருந்து போடச் சொல்லிக் கேளுங்கள்.

சாற்றை நிறுத்துங்கள், இன்றைக்கே. மலாய்க்காரர்கள் பெலாலாய் காஜா என்று சொல்கிற செடிதான் அது. ஆய்வகத்தில் அணுக்கள் மேல் சோதித்திருக்கிறார்கள், மனிதருக்குப் புற்று குணமானதாக நிரூபணம் கிடையாது. சித்தியின் நிலையில் ரெண்டு கேடு. டோசிடாக்சலை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். கல்லீரல் ரத்தச் சோதனையில் ஏஎல்டி உச்ச வரம்பைப்போல் ஒன்றரை மடங்கும், ஏஎல்பி இரண்டரை மடங்கும் தாண்டினால் மருந்து போட மாட்டார்கள். சாறு குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த எண்கள் ஏறினால் காரணம் மருந்தா, சாறா, பழைய ஹெபடைடிஸ் பி தலைதூக்கியதா என்று டாக்டருக்குப் பிரித்துச் சொல்ல வழியில்லை, கீமோ நின்றுபோகும். இரண்டாவது, நியூட்ரோஃபில் 0.9 இருக்கும்போது பச்சை இலையை அரைத்துக் குடிப்பது மண்ணிலுள்ள கிருமியை நேராகக் குடலுக்குள் இறக்குவது. டுரியான் பெலண்டா இலைக் கஷாயம், மாத்திரையாக வரும் மஞ்சள் எல்லாவற்றுக்கும் இதே பதில். ரசத்திலும் குழம்பிலும் போடுகிற மஞ்சளுக்குத் தடையில்லை.

பிறை_வாசி:

ரொம்ப நன்றி. அம்மாவை இடம் மாற்றுகிற பேச்சை நிறுத்தியாச்சு. சித்தியின் ரிப்போர்ட்டில் இன்டர்னல் கண்ட்ரோல் பாசிட்டிவ் என்று இருக்கிறது. ஹெபடைடிஸ் பி நெகட்டிவ்.

இன்னும் ரெண்டு. முதல் கீமோவுக்கு முந்தின நாளிலிருந்து சர்க்கரை (மி.மோல் கணக்கில்) 18, 20 என்று ஏறியது. சித்தியோடு அன்றைக்கே தொடங்கிய இன்னொரு பெண்மணி எந்தத் தொல்லையும் இல்லாமல் நடமாடுகிறாராம், இவருக்கோ நாளுக்கு ஆறு தடவை பேதி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமா?

டேகேர்_தாதி:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பக்க விளைவு கூடினா மருந்து வேலை செய்யலன்னு அர்த்தம் இல்ல, குறைஞ்சா நல்லா வேலை செய்யுதுன்னும் அர்த்தம் இல்ல. அந்தப் பெண்மணிக்குப் பெர்டுசுமாப் இருக்கா, வயசு என்ன, சர்க்கரை உண்டா, நமக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியோட ஒப்பிட்டுப் பார்க்கறத சித்தி விட்டாலே பாதி மனக்கஷ்டம் குறையும்.

சர்க்கரை ஏறினதுக்குக் காரணம் டெக்ஸாமெதாசோன். டோசிடாக்சலால உடம்புல நீர் கோக்காம இருக்க, அலர்ஜி வராம இருக்க, முந்தின நாள்லேருந்து மூணு நாளைக்கு 8 மி.கி. காலை மாலை குடுப்பாங்க. சர்க்கரை ஏறுதேன்னு அதைத் தானா நிறுத்திடாதீங்க, ட்ரிப் ஓடும்போது மூச்சு முட்டற அலர்ஜி வரலாம். அந்த மாத்திரையோட வேகம் மத்தியானத்துலேருந்து ராத்திரி வரைக்கும்தான் அதிகமாத் தெரியும். காலை வெறும் வயித்துல மட்டும் குத்திப் பார்த்தா 7, 8ன்னு நல்லாத்தான் காட்டும், ஏமாந்துடுவீங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்ன, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்ன, படுக்கும்போது, இந்த மூணு நேரமும் நாலு நாளைக்குப் பார்த்து எழுதி வைங்க. அந்தத் தாளோட அடுத்த கீமோவுக்கு முந்தியே டாக்டரைப் பார்த்தா அந்த நாலு நாளைக்கு மட்டும் மருந்தைக் கூட்டியோ இன்சுலின் சேர்த்தோ குடுப்பாங்க. மாத்திரையக் காலை எட்டு மணி, சாயந்தரம் நாலு மணின்னு எடுத்துக்கிட்டா ராத்திரித் தூக்கமும் கெடாது.

பேதி ஆறு தடவைங்கறது சாதாரணம் இல்ல. வழக்கத்தவிட நாலு தடவை கூடுதலா போனாலே டேகேருக்கு (கீமோ போடற வார்டு) ஃபோன் போடணும். லோபெரமைட் குடுத்திருந்தா முதல்ல ரெண்டு மாத்திரை, அதாவது 4 மி.கி. அதுக்கப்புறம் தண்ணியா போற ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணு, 2 மி.கி. நாளுக்கு எட்டு மாத்திரைக்கு மேல வேண்டாம். காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்து வந்தா மாத்திரை போட்டுக்கிட்டு வீட்டுல உக்காராம நேரா ஆஸ்பத்திரி. உப்புச்சர்க்கரை கரைசல் பொடி கிளினிக்லயே கிடைக்கும், கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கட்டும், சர்க்கரை நோய்க்கு எவ்வளவுன்னு கேட்டுக்குங்க. தே தாரிக் (பால் டீ), கண்டென்ஸ்ட் பால், சம்பல், சந்தனாட்டம் கெட்டியா தேங்காப்பால் விட்ட கறி, எல்லாம் வயிறு நிக்கற வரைக்கும் ஒதுக்கி வைங்க. கஞ்சி, இட்லி, வேகவச்ச உருளைக்கிழங்கு, வாழைப்பழம் ஆகும். வாந்தி பேதியில தண்ணியே தங்கலன்னா மெட்ஃபார்மினைத் தொடரலாமான்னு அன்னிக்கே ஃபோன்ல கேளுங்க. நீர் வத்தின சிறுநீரகத்தோட அந்த மாத்திரை சேரக்கூடாது, பெரும்பாலும் ரெண்டு நாள் நிறுத்தச் சொல்வாங்க. மருந்தாளர் அண்ணன் சொன்ன கிரியாட்டினின் கணக்கும் இங்கதான் வந்து இடிக்கும்.

காய்ச்சல் பத்தி யாரும் இன்னும் சொல்லல. கீமோ போட்ட ஏழாம் நாள்லேருந்து பதினாலாம் நாள் வரைக்கும் வெள்ளணு அடிமட்டத்துல இருக்கும். வீட்டுல டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைங்க. 38 காட்டினா அரை மணி கூட யோசிக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் அவசரப் பிரிவு. முன்னாடி பனடோல் (பாராசிட்டமால்) போட்டுடாதீங்க, சூடு இறங்கிடும், கவுண்டர்ல 37 காட்டி நாற்காலியில உக்கார வச்சிடுவாங்க, உள்ள கிருமி வேலையப் பாத்துக்கிட்டு இருக்கும். கவுண்டர்ல முதல் வார்த்தையே "பெசாகிட் கெமோதெராபி, டெமாம்" (மலாய்ல: கீமோ நோயாளி, காய்ச்சல்)னு சொல்லி கீமோ புத்தகத்தை நீட்டுங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏறணும்கறதுதான் விதி. சர்க்கரை இருக்கறவங்களுக்கு, வயசானவங்களுக்குச் சில சமயம் காய்ச்சலே வராம நடுக்கமும் தலைசுத்தலும் மட்டும் வரும். அதுக்கும் இதே அவசரம்தான்.

நகத்துக்கு ஒரு சின்ன வழி. டோசிடாக்சல் ஒரு மணி நேரம் ஓடும். அதுக்குக் கால் மணி முன்னாடி ஐஸ் கையுறை போட்டு, முடிஞ்சு கால் மணி கழிச்சுக் கழட்டினா நகம் கறுத்துப் பேர்றது குறையும். நடுவுல ஒரு தடவை புதுசா மாத்தணும், உருகினா பயன் இல்ல. சர்க்கரையால ஏற்கெனவே விரல் மரத்துப்போயிருந்தா அதை முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லுங்க. சட்டைப் பொத்தான் போட முடியுதா, ஊசியில நூல் கோக்க முடியுதா, செருப்பு கழண்டா தெரியுதா, ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. மரத்துப்போறது கூடிக்கிட்டே போனா அளவக் குறைப்பாங்க, சொல்லாம விட்டா நிரந்தரமாத் தங்கிடும்.

கம்போங்_பாரு_வாசகர்:

ஒரு சின்ன இடைச்செருகல். இந்த வித்தியாசம் மார்பகத்தோடு நிற்பதில்லை. நுரையீரல் புற்றில் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாறியிருந்தால் ஒசிமெர்டினிப் 80 மி.கி. தினம் ஒரு மாத்திரை, எடை எதுவானாலும் அதே அளவு. மாறாதவருக்கு அந்த மாத்திரையால் பயன் இல்லை. புகைபிடிக்காத ஆசியப் பெண்களிடம் இந்த மாற்றம் அதிகம். பரவிய பெருங்குடல் புற்றில் ஆர்ஏஎஸ் மரபணு மாறியிருந்தால் செடுக்ஸிமாப் ஊசி உதவாது, பணமும் தோலும்தான் பாழ். "அவருக்கு மாத்திரையிலேயே சரியாச்சு" என்று யாராவது சொன்னால், என்ன சோதனை, என்ன முடிவு என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு நம்புங்கள்.

மருந்தாளர்_செந்தூல்:

உடன்பிறந்த ரெண்டு பேர், அதில் ஒருவருக்கு 46 வயதில். பிறை_வாசி, மரபணு ஆலோசனை கேட்டீர்களா? கே.எல். பெரிய ஆஸ்பத்திரியிலும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் அதற்கென்று பிரிவு இருக்கிறது. பரிசோதனையை முதலில் சித்தியிடமிருந்து தொடங்குவதுதான் முறை, இளவயதில் நோய் வந்தவர் அவர். அவரிடம் பிஆர்சிஏ போன்ற மரபணுவில் ஒரு மாற்றம் கிடைத்தால், அம்மாவிடமும் அதே ஒன்றைத் தேடிப் பார்க்கலாம். அம்மாவிடம் இருந்தால் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. சித்தியிடம் இல்லை என்று வந்தாலும் கதை முடியவில்லை, அம்மாவைப் பரிசோதிக்க வேண்டுமா என்று ஆலோசகர் சொல்வார்.

பணம் பற்றி: எஸ்டிஆர் என்ற அரசு உதவித்தொகை வாங்குபவர், 40 வயது தாண்டியவர் என்றால் பெக்கா பி40 என்ற அரசு சுகாதாரத் திட்டத்தில் புற்றுச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 ரிங்கிட் வரை உண்டு, தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரை. பட்டியலில் இல்லாத மருந்து தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியிலுள்ள மருத்துவச் சமூகப்பணிப் பிரிவில் தாபோங் பந்துவான் பெருபாத்தான் (மருத்துவ உதவி நிதி) மனுவுக்குக் கேளுங்கள். டி-டிஎம்1 பேச்சு வருமானால் ஆபரேஷன் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே அந்தப் பிரிவில் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள், மனு நகர வாரக்கணக்கு ஆகும்.

பிறை_வாசி:

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. அம்மா அக்கரையிலுள்ள பிறையிலிருந்து பினாங்குத் தீவுக்குத் தினமும் ரேடியேஷனுக்குப் போக வேண்டும், 15 நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால்?

டேகேர்_தாதி:

விட்டுப்போன நாள் கடைசியில சேரும், 15ம் முடிச்சே ஆகணும். ஒரு நாள்னா பெரிசு இல்ல, நாலஞ்சு நாள் இழுத்தா பலன் குறையும். காலை ஏழரைக்கும் சாயந்தரம் அஞ்சரைக்கும் பாலத்துல நெரிசல், அதனால பதினோரு மணிவாக்குல நேரம் கேளுங்க, ஒரு தடவை குடுத்தா அதே நேரம்தான் கடைசி வரைக்கும். மெஷின்ல படுக்கற நேரம் பத்து, பதினஞ்சு நிமிஷம்தான். முதல் நாள் மட்டும் கூட ஆகும். மார்புல வச்ச குறியத் தேய்ச்சுக் குளிக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க, அது அழிஞ்சா மறுபடி அளவெடுக்கணும். முன்பக்கம் பொத்தான் வச்ச தளர்ந்த பருத்திச் சட்டை போதும். ஆபரேஷன் பக்கத்துக் கையத் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டுப் படுக்கணும். அதனால இன்னிக்கே சுவத்துல விரலை ஏத்தற பயிற்சியத் தொடங்கிடுங்க, நாளுக்கு மூணு வேளை, ஒவ்வொரு வேளையும் பத்துத் தடவை. கை ஏறலன்னா பிளானிங் ஸ்கேனைத் தள்ளி வச்சிடுவாங்க.